கூரைக்கு யார் பொறுப்பு?

பாடசாலையைக் கட்டியவர் யார் என்பதை நமது சமூகம் எழுதி வைத்திருக்கிறது. அதைப் பழுதுபார்த்தவர் யார் என்பதை எழுதி வைக்கவில்லை. கல்வெட்டுகளில் அடிக்கல் நட்டவரின் பெயர் உண்டு. திறந்து வைத்தவரின் பெயரும் உண்டு. ஓடு மாற்றியவருக்குக் கல்வெட்டு இல்லை. கிழக்கிலங்கையின் கரையோர ஊரொன்றில் பாடசாலைக் கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்திருந்தவன் என்ற வகையில், இந்தக் குறைக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

அறிஞர் சித்திலெப்பை 1882இல் ஆரம்பித்த 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நவீன கல்விக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தது. 1892இல் மருதானைப் பள்ளிவாசலை அண்டி மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானது. நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒராபி பாஷாவின் ஆதரவு அதற்கு இருந்தது. அதனை எழுப்புவதில் முன்னின்ற வாப்பிச்சி மரிக்கார், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர். எழுத்தாளர், போராளி, கட்டடக்காரர் ஆகிய மூவரும் ஒரே காரியத்தில் இணைந்தது நமது கல்வி வரலாற்றின் பேறு. ஆனால் ஒரு தலைமுறையின் உற்சாகம் கட்டடம் இருக்கும் காலமெல்லாம் நிலைப்பதில்லை. 1921இல் ரீ.பி. ஜாயா அதிபராகப் பொறுப்பேற்றபோது அது நலிந்த நிலையில் இருந்த ஒரு சிறிய பாடசாலை. அவர் கற்பித்தலை மட்டும் கவனித்திருந்தால் ஸாஹிரா எழுந்திருக்காது. கட்டடங்களுக்காகவும் தனவந்தர்களை நாட வேண்டியிருந்தது.

பின்னர் அரசு வந்தது. சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. ஏழைப் பிள்ளைக்கு அதனால் கிடைத்த நன்மையை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும். ஆயினும் ஊர் மனத்தில் ஒரு மாற்றமும் நேர்ந்தது. அதுவரை 'எங்கட பள்ளிக்கூடம்' என்றிருந்தது 'கவுண்மேந்துப் பள்ளிக்கூடம்' ஆயிற்று. உரிமை எவருடையது என்பதைச் சட்டம் தீர்த்து வைத்தது. மாரியில் ஒழுகும் கூரையை அந்த மாரிக்குள்ளேயே மாற்றுவது யார் என்பதை அது தீர்த்து வைக்கவில்லை.

1987இன் பதின்மூன்றாவது திருத்தம் இந்தக் கேள்விக்கு இன்னொரு வாசலைத் திறந்தது. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் இருக்க, ஏனைய அரச பாடசாலைகள் மாகாண சபைகளிடம் சென்றன. அன்றிலிருந்து ஊருக்கு ஊர் 'எமது பாடசாலையைத் தேசிய பாடசாலையாகத் தரமுயர்த்துக' என்ற கோரிக்கை எழுந்தது. பெயர்ப்பலகை மாறினால் நிதியும் மாறும் என்பது நம்பிக்கை.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. அதன்பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டத் தடை வந்தது. தெற்கில் அது 100 மீற்றராக இருந்தது. காணியே அரிதான எங்கள் ஊர்களில் இடம் தேடி அலைந்த கதையைத் தனியே எழுத வேண்டும். கடைசியில் வெளிநாட்டு உதவியில் எங்களுக்கும் மாடிக் கட்டடம் ஒன்று கிடைத்தது. கொடுத்தவர்களின் பொறுப்பு திறப்பு விழாவோடு முடிந்தது. உப்புக் காற்றின் வேலை அன்றுதான் தொடங்கியது.

கம்பிகள் துருப்பிடித்துக் கொங்கிரீட் உதிர்ந்த நிலையில், 2018இல் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடியது. வரி வாங்கும் அரசே செய்ய வேண்டும் என்றது ஒரு சாரார். அரசை எதிர்பார்த்தால் பிள்ளைகளின் தலையில்தான் விழும், ஒவ்வொருவரும் 2,000 ரூபா தரவேண்டும் என்றது மறுசாரார். கத்தாரில் இருப்பவர்களிடம் கேட்கலாம் என்றார் ஹாஜியார் ஒருவர். பெண்கள் பக்கத்திலிருந்து நெசவு வேலை செய்யும் தாய் ஒருவர் எழுந்தார்.

"சேர், எனக்கு மூணு புள்ள. அப்ப ரெண்டாயிரமா, ஆறாயிரமா? கட்டாட்டி புள்ளையள வகுப்புக்கு வெளிய நிப்பாட்டுவியளா?"

அதிபரிடம் உடனடிப் பதில் இல்லை. எந்தச் சுற்றுநிருபத்தையும் விட அந்தக் கேள்வி கூர்மையானது. இலவசக் கல்வி எவருக்காக வந்ததோ அவர்தான் அதைக் கேட்டார். நன்கொடை என்று சொல்லிக் கட்டாயமாக அறவிட்டால், 1945இல் மூடப்பட்ட கதவை நாமே திறந்து விட்டவர்களாவோம்.

அதற்காகக் கைகட்டி நிற்கவும் முடியாது. வசதியுள்ளோர் தமது பிள்ளைகளை நகரத்துப் பாடசாலைக்கு அனுப்பிவிடுவர். ஒழுகும் வகுப்பில் மிஞ்சுவது அந்தத் தாயின் பிள்ளைகளே.

இங்கே நமது மரபில் உள்ள ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். வக்பு செய்யப்பட்ட சொத்தின் வருமானத்தில் முதல் உரிமை அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே உரியது என்பது பிக்ஹ் அறிஞர்களின் நிலைப்பாடு. கொடுத்தவர் அதை நிபந்தனையாகச் சொல்லாவிட்டாலும் அப்படித்தான். கட்டடம் நின்றால்தான் தர்மம் நிற்கும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. 1956இன் வக்புச் சட்டம் இந்நாட்டில் அத்தகைய சொத்துகளுக்கு ஓர் ஒழுங்கையும் தந்தது. பள்ளிவாசலுக்குக் கடையறைகளும் தென்னந்தோட்டமும் எழுதி வைத்த கைகள், பாடசாலைக் கூரைக்காக ஒரு கடையறையை ஏன் எழுதி வைக்கக் கூடாது? தாய்மாரின் முந்தானை முடிச்சை அவிழ்க்காமல் வருடந்தோறும் சிறு தொகை வந்து சேரும். பெரிய திருத்தத்துக்கு அரசிடம் உரிமையோடு கேட்கும் குரலும் அதனால் தாழ்ந்து போகாது.

அன்றைய கூட்டம் குழு ஒன்றை நியமித்துவிட்டுக் கலைந்தது. 2022இன் பொருளாதார வீழ்ச்சி அரசின் கையையும் பெற்றோரின் கையையும் ஒருசேரச் சுருக்கியது. அடுத்த புதிய கட்டடத்துக்கு யாராவது அடிக்கல் நட வரும்போது, மாலை போடுவதற்கு முன் ஊரார் ஒன்றைக் கேட்க வேண்டும்: இதன் பராமரிப்புக்கு என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள்?