சூரியகாந்தி நட்ட நிலம்

1996ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று, உக்ரைன் நாட்டுப் பெர்வொமாய்ஸ்க் நகருக்கு அருகே, ஏவுகணைக் குழி ஒன்று தகர்க்கப்பட்ட இடத்தில் மூன்று பாதுகாப்பு அமைச்சர்கள் சூரியகாந்தி நட்டனர். அமெரிக்காவின் வில்லியம் பெரி, இரஷ்யாவின் பாவெல் கிராச்சொவ், உக்ரைனின் வலேரி ஷ்மாரோவ் ஆகியோரே அவர்கள். உக்ரைனில் இருந்த கடைசி அணுகுண்டும் அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே இரஷ்யா சென்று சேர்ந்திருந்தது.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது உக்ரைன் மண்ணில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 176 எஞ்சின. தொலைதூரத் தாக்குதலுக்கான அணுகுண்டுகள் ஏறத்தாழ 1,900 இருந்தன. உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல் அது. எனினும் பெட்டகம் நம் வீட்டில், சாவி அண்டை வீட்டில் என்பது போல, ஏவுவதற்கான குறியீடுகள் மாஸ்கோவிடமே இருந்தன. 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்த துயரமோ அம்மக்கள் நெஞ்சில் ஆறாதிருந்தது.

1994 ஜனவரியில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. குண்டுகளிலிருந்து எடுக்கப்படும் யுரேனியத்துக்கு ஈடாக உக்ரைனின் மின் உலைகளுக்கு எரிபொருள் கிடைக்கும் என்றனர். டிசம்பர் 5 அன்று புடாபெஸ்ட் நகரில் அமெரிக்காவும் பிரிட்டனும் இரஷ்யாவும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. அந்த ஆவணத்தில் ஒரு சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். உக்ரைனிய மொழிப் படியில் 'உத்தரவாதம்' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. ஆங்கிலப் படியிலோ அதனினும் மெலிந்த 'உறுதிமொழி' என்னும் சொல்லே உள்ளது. தாக்குதல் நேர்ந்தால் படை அனுப்பிக் காப்போம் என்று எந்தப் படியிலும் ஒரு வரி இல்லை.

1999இல் எரிவாயுக் கடனுக்கு ஈடாக 11 குண்டுவீச்சு விமானங்களும் நூற்றுக்கணக்கான ஏவுகணைகளும் இரஷ்யாவிடம் ஒப்படைக்கப்பட்டன. 2014இல் இரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியது. 2022 பிப்ரவரியில் நாடு முழுவதன்மீதும் படையெடுத்தது. அதே வகை விமானங்களிலிருந்து உக்ரைனிய நகரங்கள்மீது ஏவுகணைகள் பாய்ந்தன.

குண்டுகளைக் கொடுத்தது மடமை என்று இன்று பலர் கூறுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. சாவியற்ற குண்டு எவரையும் காத்திராது. வறுமையுற்ற நாடு அதைப் பேணியிருக்கவும் இயலாது. பிழை செய்தவர்கள் கையெழுத்திட்டுவிட்டு அதை மறந்தவர்களே.

பெர்வொமாய்ஸ்க் பகுதியில் ஓர் ஏவுதளம் அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. நிலத்தடியில் 12 தளங்கள் கொண்ட கட்டளை அறை அங்கே அப்படியே இருக்கிறது. அதற்குள் இறங்குவோர், இரு வீரர்கள் இரவு பகலாகக் காத்திருந்த இருக்கைகளைக் காணலாம்.