சாத்பாரா உள்ளவருக்கே மானியம்: புணே மாவட்டத்தில் மண், நீர்க் காப்பு உதவியின் வரலாறு

புணே மாவட்டத்தின் மேற்கே முல்ஷி, மாவள் வட்டங்களில் கொட்டித் தீர்க்கும் பருவமழை, சஹ்யாத்ரியைத் தாண்டியதும் மெலிந்துவிடுகிறது. கிழக்கே புரந்தர், தவுண்ட், பாராமதி, இந்தாபூர் வட்டங்கள் மழைமறைவுப் பகுதிகள். மண்ணையும் நீரையும் காக்க உழவருக்கு அரசு பணம் கொடுத்த கதை பெரும்பாலும் இந்தக் கிழக்கு வட்டங்களின் கதைதான்.

முதலில் கிடைத்தது மானியமல்ல, கடன். 1875 மே மாதம் சுபே கிராமத்தில் உழவர்கள் வட்டிக்காரர்களின் பத்திரங்களைப் பறித்துக் கொளுத்தினர். அதையடுத்து 1879-இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் வந்தது. 1883-இல் நில மேம்பாட்டுக் கடன் சட்டம். கிணறு வெட்டவும் வரப்பு போடவும் ‘தகாவி’ என்னும் அரசுக் கடன் கிடைத்தது. தவணை தவறினால் நிலவரி பாக்கி போலவே வசூலித்தார்கள். பத்திரத்துக்குப் பயந்த உழவர் சர்க்கார் கடனுக்கு மட்டும் எப்படித் துணிவார்? 1942-இல் வந்த பம்பாய் நில மேம்பாட்டுத் திட்டச் சட்டம் தனி வயலை விட்டுச் சரிவு முழுவதையும் கணக்கில் எடுத்தது. சம உயர வரப்புகள் அதன்கீழ்ப் பரவின.

1972 பஞ்சத்தில் பணம் கைமாறியது. மகாராஷ்டிர மாநிலமெங்கும் விரிந்த வேலை உறுதித் திட்டம், 1977-இல் சட்டமும் ஆனது. வரப்புக்கும் கசிவுநீர்க் குளத்துக்குமான செலவு இப்போது கூலியாக நிலமற்றவர் கைக்குப் போயிற்று. ஆனால் வேலை முடிந்தபின் மண்ணும் ஈரமும் நிலக்காரருடையவை.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர் விலாஸ்ராவ் சாளுங்கே. புரந்தர் வட்டம் நாய்காவில் கோயிலுக்குச் சொந்தமான 40 ஏக்கர் தரிசைக் குத்தகைக்கு எடுத்து, 1970-களில் ‘பாணி பஞ்சாயத்து’ அமைப்பைத் தொடங்கினார். தலைக்கு அரை ஏக்கருக்குத் தண்ணீர், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கர், கரும்பு கூடாது, நிலமற்றவருக்கும் பங்கு என்பவை அதன் விதிகள். அரசு மானியத்தோடு பயனாளிகளும் தம் பங்குப் பணத்தைப் போட்டார்கள். கரும்பு ஆலைகளின் செல்வாக்கு ஓங்கிய மாவட்டத்தில் இது சாதாரணத் துணிச்சலல்ல.

அரசோ வேறு வழியில் போயிற்று. 1990-இல் வேலை உறுதித் திட்டத்தோடு பழத்தோட்டம் இணைந்தது. தனியார் நிலத்தில் மரம் வைக்கச் சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் மானியம் வந்தது; சிறு, குறு உழவருக்கு மற்றவரைவிடக் கூடுதல் விகிதம். 2016-இல் ‘மாகேல் த்யாலா ஷேத்தளே’, அதாவது கேட்டவருக்கெல்லாம் பண்ணைக்குட்டை: 50,000 ரூபாய் வரை. அமெரிக்காவிலோ 1985 முதல், அரிக்கும் நிலத்தை உழாமல் விட்டுவைக்க உழவருக்கு ஆண்டு வாடகை தருகிறார்கள். இங்கே காப்பு என்ற பெயரில் வந்த பணம் பெரும்பாலும் சாகுபடியைக் கூட்டவே வந்தது.

குட்டையின் நோக்கம் ஓடும் மழைநீரைத் தேக்குவது. மகாராஷ்டிரத்தில் பல இடங்களில் நடப்பது வேறு. குழியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஆழ்துளைக் கிணற்று நீரை ஏற்றி, கோடைக்குச் சேமிக்கிறார்கள். தாள் விரித்த குட்டையிலிருந்து சொட்டு நீரும் நிலத்தடிக்கு இறங்காது. வெயிலில் ஆவியாவதோ ஏராளம். ஊருக்குப் பொதுவான நீர், பொதுப் பணத்தின் துணையோடு ஒருவரது சொத்தாகிவிடுகிறது.

இத்தகைய மானியத்துக்கு அடிப்படை ‘சாத்பாரா’: சர்வே எண், உரிமையாளர் பெயர், பயிர் விவரம் கொண்ட ஏழு, பன்னிரண்டாம் படிவங்களின் நகல். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரின் பெயர் அதில் உரிமையாளராக இருக்காது. மானியமும் அவருக்கு இல்லை. குட்டைக்குப் பணம் தருமுன் அதை நிரப்பும் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதையும், உழுபவரைப் பயனாளியாக ஏற்பதையும் மாநில வேளாண் துறை விதியாக்க வேண்டும்.