நீரிழிவு நோயாளிகள் வாகனம் ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டத்தின் அம்மையார்குப்பம் போன்ற ஊர்களிலிருந்து திருத்தணிக்கு இரத்தப் பரிசோதனைக்குச் செல்வோர், வெறும் வயிற்றுடன் அதிகாலையிலேயே இருசக்கர வாகனத்தில் புறப்படுவதுண்டு. அன்று உணவைத் தவிர்த்துவிட்டு, வழக்கமான இன்சுலினையோ கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ மட்டும் எடுத்துக்கொண்டால், இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி. அளவுக்குக் கீழே இறங்கக்கூடும். ஆடிக் கிருத்திகைக்கு விரதமிருந்து மலைக்கு வண்டியோட்டிச் செல்வோருக்கும் இது பொருந்தும்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பார்வை மங்கல் ஆகியவை முன்னறிகுறிகள். நெடுங்காலம் நீரிழிவு உள்ளவர்களுக்கு இவை தோன்றாமலும் போகலாம். ஓட்டுநருக்கு மிகவும் ஆபத்தானது மனக்குழப்பமே. தமக்கு ஒன்றுமில்லை என்றே அவர் சாதிப்பார். எனவே உடன் செல்பவர் அவருடைய பேச்சு குழறுவதையோ வண்டி தடுமாறுவதையோ கண்டால் உடனே நிறுத்தச் செய்ய வேண்டும்.

சாலையோரம் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, 3 தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸை நீரில் கரைத்து அருந்த வேண்டும். 15 நிமிடங்களில் குணமாகாவிடில் மீண்டும் அதே அளவு. பின்னர் உணவு உண்டு, சர்க்கரை அளவு சீரான பிறகும் 45 நிமிடங்கள் வண்டியைத் தொடக் கூடாது. குளுக்கோஸ் பொட்டலம் இருக்கைக்கு அடியில் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்கவும்.

புறப்படும் முன் 90 மி.கி.க்குக் குறைவாக இருந்தால் சிறிது உண்ட பிறகே ஓட்டலாம். பரிசோதனை நாளில் மருந்தை எப்போது எடுப்பது என்பதை முந்தைய வருகையிலேயே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். பெரும்பாலும் இக்கேள்வி மறந்துபோகிறது. கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்ட நாளில் வேறொருவர் ஓட்டட்டும்.

விபத்து நேர்ந்தால், 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளான ஆந்திர மாநிலத்தவருக்கும் இது உண்டு.