நாட்டுக்கா, லீக்குக்கா? ஒரு மாணவனின் கேள்வியும் கிரிக்கெட் ஒப்பந்தங்களின் வரலாறும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் தரம் 11 வகுப்பில் பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பின் வரிசையில் ஒரே சத்தம். என்ன என்று கேட்டேன். எங்கள் ஊர் மென்பந்துச் சுற்றுப்போட்டியில் ஒரு மாணவன் தன் சொந்தக் கழகத்தை விட்டுவிட்டு, பக்கத்து ஊர்க் கழகத்துக்குக் காசுக்கு ஆடியிருக்கிறான். அரையிறுதியில் அவன் பந்துவீச்சிலேயே நமது ஊர் தோற்றுவிட்டது. அன்றிலிருந்து கழகத்து நானாமார் அவனுக்கு வைத்த பெயர் "துரோகி".

பையன் எழும்பிக் கேட்டான்: "சேர், எங்கட கழகம் பஸ் காசும் தாற இல்ல. அவங்க சப்பாத்தும் வாங்கித் தந்து, காசும் தந்தாங்க. நான் செஞ்சது பிழையா?"

மணி அடித்துவிட்டது. பதிலை அடுத்த நாள் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், இந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. அதை அவனுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

காசுக்கு ஆடுவது கேவலமாக இருந்த காலம்

கிரிக்கெட் பிறந்த இங்கிலாந்தில் வீரர்கள் இரண்டு சாதியாக இருந்தார்கள். காசு வாங்காமல் ஆடும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் "ஜென்டில்மென்". கூலிக்கு ஆடுகிறவர்கள் "பிளேயர்ஸ்". இரு பகுதிக்கும் உடைமாற்றும் அறை வேறு. பல மைதானங்களில் உள்ளே இறங்கும் வாசலும் வேறு. இந்த இரு பகுதியும் மோதும் போட்டி 1806 இல் தொடங்கி 1962 வரை நடந்தது. 1962 இன் இறுதியில்தான் இந்தப் பிரிவை ஒழிக்க முடிவெடுத்தார்கள்.

காசுக்கு ஆடுகிறவன் தரம் குறைந்தவன் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த எண்ணத்தை உருவாக்கியவர்கள் உழைக்காமலே சாப்பிட வசதி இருந்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1933: கழகம் விடவில்லை

லீக் ஆட்டமும் நாட்டுக்கான ஆட்டமும் மோதுவது ஐ.பி.எல். வந்த பிறகு உண்டான பிரச்சினை என்று நினைக்கிறோம். மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கொன்ஸ்டன்டைன் 1929 இல் இங்கிலாந்தின் லங்கஷயர் லீக்கில் நெல்சன் என்ற சிறிய ஆலை நகரக் கழகத்துக்குத் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் அவரைப் பார்க்க நெசவாலைத் தொழிலாளர்கள் திரண்டு வந்தார்கள். அவர் ஆடிய 9 பருவங்களில் நெல்சன் 7 தடவை சம்பியனானது.

1933 இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்துக்கு வந்தது. தங்கள் நாட்டின் மிகச் சிறந்த வீரர் அதே இங்கிலாந்தில்தான் இருக்கிறார். ஆனால் 3 டெஸ்ட் போட்டிகளில் ஒன்றில் மட்டுமே அவரால் ஆட முடிந்தது. மற்றவற்றுக்குக் கழகம் விடவில்லை. இன்று "தடையில்லாச் சான்றிதழ்" என்று செய்திகளில் வாசிக்கிறோமே, அந்தப் பிரச்சினைக்கு இப்போது 90 வயது தாண்டிவிட்டது.

1977: நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு

அவுஸ்திரேலியாவில் கெரி பெக்கர் என்ற தொலைக்காட்சி முதலாளி, டெஸ்ட் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமைக்கு 3 வருடத்துக்கு 15 இலட்சம் டொலர் தர முன்வந்தார். கிரிக்கெட் சபை மறுத்துவிட்டு, அதைவிட மிகக் குறைந்த தொகைக்கு அரச ஒளிபரப்பு நிறுவனத்திடமே கொடுத்தது. பெக்கர் என்ன செய்தார்? உலகின் முன்னணி வீரர்களை இரகசியமாக ஒப்பந்தம் செய்து, தனியாக ஒரு தொடரையே தொடங்கிவிட்டார்.

1977 மே மாதம் செய்தி வெளியானது. ஆள் சேர்க்க உதவிய டோனி கிரெக், இங்கிலாந்து அணித் தலைவர் பதவியை இழந்தார். பெக்கரோடு போனவர்களைத் தடை செய்வோம் என்று சர்வதேசக் கிரிக்கெட் சபை அறிவித்தது. கிரெக் உட்பட மூவர் இலண்டனில் வழக்குப் போட்டார்கள். 1977 நவம்பர் 25 அன்று நீதிபதி சிலேட், அந்தத் தடை ஒருவருடைய தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பது, சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

எளிமையாகச் சொன்னால்: வருடம் முழுக்க வேலை தரமாட்டேன், நீ வேறிடத்தில் உழைக்கவும் விடமாட்டேன் என்று ஒரு முதலாளி சொல்ல முடியாது. 1979 இல் பெக்கரும் சபையும் சமாதானமானார்கள். இரவு நேரப் போட்டி, வண்ண உடை, வீரர்களுக்குக் கௌரவமான சம்பளம் எல்லாம் இந்தச் சண்டையால் வலுப்பெற்றவை.

1982: நமது நாட்டின் காயம்

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1981 ஜூலையில் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. 1982 பெப்ரவரி 17 அன்று கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். இலங்கைக்காக முதல் பந்தை எதிர்கொண்டவரும், முதல் ஓட்டத்தை எடுத்தவரும், அணியின் தலைவரும் ஒருவரே: பந்துல வர்ணபுர.

அதே வருடம் ஒக்டோபரில் அவர் தலைமையில் 14 பேர் தென்னாபிரிக்கா போனார்கள். ஏற்பாடு செய்தவர் முன்னாள் வீரர் டோனி ஒபாத்த. அணிக்கு "அரோசா ஸ்ரீலங்கா" என்று பெயர். அப்போது தென்னாபிரிக்காவில் வெள்ளையர் ஆட்சி. மனிதரைத் தோல் நிறத்தால் பிரித்து வைத்த அரசு. அந்தக் காரணத்துக்காகவே உலகக் கிரிக்கெட் அந்த நாட்டை ஒதுக்கி வைத்திருந்தது. தனிமை தாங்காமல் காசைக் கொட்டி அணிகளை வரவழைத்துக்கொண்டிருந்தது.

போன 14 பேருக்கும் 25 வருடத் தடை விழுந்தது. 1990 இல் தடை நீக்கப்பட்டபோது பெரும்பாலானோரின் ஆட்டக்காலம் முடிந்திருந்தது. நாட்டின் முதல் டெஸ்ட் தலைவரின் டெஸ்ட் வாழ்க்கை 4 போட்டிகளோடு நின்றுவிட்டது.

இங்கே வகுப்பில் பலத்த விவாதம் நடந்தது. ஒரு மாணவி சொன்னாள், "அவங்களுக்கும் குடும்பம் இருந்திருக்கும் சேர்." உண்மைதான். அந்தக் காலத்தில் நமது வீரர்கள் கம்பனிகளில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். கிரிக்கெட்டை மட்டும் நம்பி வாழ முடியாது. இருந்தாலும் 1977 இல் நடந்ததும் 1982 இல் நடந்ததும் ஒன்றல்ல. பெக்கரிடம் போனவர்கள் கூடுதல் சம்பளம் தரும் இன்னொரு முதலாளியிடம் போனார்கள். தென்னாபிரிக்கா போனவர்கள், அநியாயமான ஓர் ஆட்சிக்கு நல்ல முகம் காட்டிக்கொடுக்கப் போனார்கள். காசு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், யார் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான் முதலில் சொன்ன பாடம் இதுதான்.

2008க்குப் பிறகு

2007 இல் இந்தியாவில் ஐ.சி.எல். என்ற தனியார் தொடர் வந்தது. மர்வன் அத்தபத்து, ரசல் ஆர்னல்ட், உபுல் சந்தன போன்ற நமது வீரர்கள் அதில் ஆடினார்கள். இந்தியக் கிரிக்கெட் சபை அதை அங்கீகரிக்கவில்லை. பங்களாதேஷ், அதில் சேர்ந்த தன் வீரர்களுக்கு 10 வருடத் தடை விதித்தது. அடுத்த வருடமே அந்தச் சபை தன் சொந்தத் தொடரான ஐ.பி.எல்.ஐத் தொடங்கியது. அதே மாதிரி ஆட்டம், அதே மாதிரிக் காசு. அதில் ஆடினால் தடை இல்லை. ஜயசூரிய, சங்கக்கார, மஹேல, முரளி, மாலிங்க எல்லோரும் ஏலத்தில் போனார்கள். நமது பர்வீஸ் மஹ்ரூபை டெல்லி அணி வாங்கியது.

உடனேயே மோதல் வந்தது. 2009 இல் சிம்பாப்வேக்குப் பதிலாக இங்கிலாந்துக்குப் போகும் வாய்ப்பு இலங்கைக்குக் கிடைத்தது. ஆனால் அது ஐ.பி.எல். நடக்கும் நேரம். அப்போது கிரிக்கெட் நிறுவனத்தின் இடைக்காலக் குழுத் தலைவராக இருந்த அர்ஜுன ரணதுங்க போக வேண்டும் என்றார். ஏற்கெனவே லீக் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்த வீரர்கள் விளையாட்டுத்துறை அமைச்சரிடம் முறையிட்டார்கள். கடைசியில் சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. லோர்ட்ஸில் டெஸ்ட் ஆடும் அந்த வாய்ப்பு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. அவர்களின் தலைவர் கிறிஸ் கெய்ல் ஐ.பி.எல். முடித்து இங்கிலாந்து வந்து சேர்ந்தது முதல் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்புதான்!

2011 ஏப்ரலில் ஐ.பி.எல். நடந்துகொண்டிருக்கும்போது லசித் மாலிங்க டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றார். முழங்கால் பிரச்சினை என்றார். 30 டெஸ்ட், 101 விக்கெட். அப்போது அவருக்கு வயது 27. "காசுக்காக நாட்டை விட்டான்" என்று தேநீர்க் கடைகளில் எவ்வளவு பேச்சு! நானும் பேசியவன்தான்.

ஆனால் அதே 2011 இல் இன்னொன்றும் நடந்தது. உலகக் கிண்ணத்துக்காகக் கட்டிய மைதானங்களால் கிரிக்கெட் நிறுவனம் கடனில் மூழ்கியது. உலகக் கிண்ண இறுதிப் போட்டி வரை போன நமது வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. வருட இறுதியில் சர்வதேசக் கிரிக்கெட் சபை தலையிட்டு நிலுவையின் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. தேநீர்க் கடையில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கூலியைக் காலத்தோடு கொடுக்க வேண்டும் என்று எத்தனை குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். விளையாட்டு வீரனும் கூலிக்கு உழைப்பவன்தான் என்பது ஏனோ நமக்கு ஞாபகம் வருவதில்லை.

2013 மார்ச்சில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த 23 வீரர்களுக்கு நிறுவனம் கதவை மூடியது. சில நாட்களில் அவர்கள் கையெழுத்திட்டார்கள். 2021 இல் வீரர்களைப் புள்ளி போட்டுத் தரம் பிரிக்கும் புதிய ஒப்பந்த முறை வந்தது. சிரேஷ்ட வீரர்கள் பலருடைய வருமானம் குறைந்தது. யாருக்கு எதற்கு எத்தனை புள்ளி என்பது தெளிவில்லை என்று மறுத்துப் பல வாரம் இழுபறி. 2022 ஜனவரியில் பானுக ராஜபக்ஷ ஓய்வை அறிவித்துப் பின்னர் திரும்பப் பெற்றார். அந்த மாதமே நிறுவனம் ஒரு விதி கொண்டுவந்தது. ஓய்வு பெற 3 மாதம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், ஓய்வு பெற்று 6 மாதம் ஆன பிறகே வெளிநாட்டு லீக்குக்கு அனுமதி. அடுத்த மாதம் நடந்த ஏலத்தில் வனிந்து ஹசரங்க 10.75 கோடி இந்திய ரூபாவுக்குப் போனார். 2023 இல் அவர் 4 டெஸ்டோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார். பூட்டுப் போட்டு ஆளைப் பிடித்து வைக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வேறு நாடுகள் எப்படிச் சமாளித்தன?

நியூசிலாந்தின் ட்ரென்ட் போல்ட் 2022 இல் தன்னை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கும்படி கேட்டார். குடும்பத்தோடு இருக்க நேரம் வேண்டும், லீக்குகளிலும் ஆட வேண்டும் என்றார். சபை பேசி விடுவித்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. 2023 உலகக் கிண்ணத்தில் அதே போல்ட் நியூசிலாந்துக்குப் பந்து வீசினார்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் தென்னாபிரிக்கா தன் உள்நாட்டு லீக்குக்கு முன்னணி வீரர்களை வைத்துக்கொண்டு, அதுவரை ஒரு டெஸ்டும் ஆடாத நீல் பிராண்டைத் தலைவராக்கி நியூசிலாந்துக்கு ஓர் அணியை அனுப்பியது. தொடரை 2க்கு 0 எனத் தோற்றது. தென்னாபிரிக்காவுக்கு எதிராக நியூசிலாந்து வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. அங்கே லீக்கைத் தெரிவு செய்தது வீரர்கள் அல்ல, சபையேதான். வீரனிடம் மட்டும் நாட்டுப்பற்றைக் கேட்பது எந்த வகையில் நியாயம்?

பையனுக்கு நான் சொன்னது

அடுத்த நாள் அவனிடம் இரண்டு விஷயம் சொன்னேன்.

காசு வாங்கி ஆடியது பிழை இல்லை. உழைப்புக்குக் கூலி வாங்குவது துரோகம் ஆகாது. ஆனால் உன் கழகத்துக்கு நீ முதலே சொல்லவில்லை. போட்டியன்று காலையில் மறுபக்கத்து ஜேர்சியோடு வந்து நின்றாய். பிழை அதில்தான். கொன்ஸ்டன்டைன் எந்தக் கழகத்துக்கு ஆடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போல்ட்டும் சபையோடு முகத்துக்கு முகம் பேசித்தான் போனார்.

பிறகு கழகத்து நானாமாரையும் போய்ச் சந்தித்தேன். "பரிசுக் காசு வந்தால் யாருக்குப் போகிறது?" என்று கேட்டேன். கழகக் கட்டடத்துக்கு என்றார்கள். "பந்துவீசுகிற பையனுக்கு?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முகாமைத்துவமும் வீரனும் என்ற இந்தக் கதை கொழும்பில் மட்டும் நடப்பதில்லை, நமது ஊர்ப் புளியமரத்தடியிலும் நடக்கிறது.

இப்போது ஒரு கொப்பித் தாளில் நாலு வரி எழுதியிருக்கிறோம். பஸ் காசு கழகம் தரும். பரிசுத் தொகையில் வீரர்களுக்கும் பங்கு உண்டு. ஊர்ச் சுற்றுப்போட்டி நாட்களில் பையன்கள் ஊருக்கே ஆட வேண்டும். மற்ற நாட்களில் வெளியே ஆடலாம், ஒரு வாரம் முந்திச் சொன்னால் போதும். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கூடிக் கையெழுத்து வைக்கப் போகிறார்கள். பையனின் வாப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன், சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை எத்தனை போட்டி ஆடலாம் என்பதையும் அவரே எழுத வேண்டும்.

"துரோகி" என்ற சொல்லை அந்தக் கூட்டத்தில் யாரும் பாவிக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

உங்கள் ஊர்க் கழகங்களில் இதற்கு என்ன ஒழுங்கு வைத்திருக்கிறீர்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைத்தால் எங்கள் தாளிலும் சேர்த்துக்கொள்வோம்.