வரம் யாருக்கு?

வடசென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து எர்ணாவூர் வரை டி.எச். ரோட்டுச் சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படும். நற்செய்திக் கூட்டம், நாள், நேரம், நடுவில் ஒருவர் படம், அதன் கீழே "வரம் பெற்ற தேவ ஊழியர்". காசிமேட்டிலும் தாழங்குப்பத்திலும் மாடிக் கொட்டகைகளில் கூடுகிற சின்னச் சபைகளிலும் இந்தப் பேச்சு உண்டு. "அந்த ஐயாவுக்குத் தீர்க்கதரிசன வரம் இருக்கு." "அக்காவுக்கு நல்ல ஜெப வரம்." பைபிளைத் தொட்டுப் பார்க்காத தமிழருக்கும் இதை யாரும் விளக்கத் தேவையில்லை. சொல்லின் பலம் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. சபைகளுக்குள் அது செய்திருக்கும் சேதத்துக்கும் அந்தப் பழக்கம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

வரம் வடமொழி வழி வந்த சொல். அதன் வேருக்குத் தேர்ந்துகொள்ளுதல், விரும்புதல் என்று பொருள். பெண்ணுக்குப் பார்க்கிற வரனும் சாமியிடம் கேட்கிற வரமும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. புராணங்களில் வரம் சும்மா வராது. ஊசி முனையில் நின்று, உணவை விட்டு, ஆண்டுக்கணக்கில் தவம் இருக்க வேண்டும். இரணியன் அப்படிப் பெற்றான். பெற்ற பிறகு அது அவனுக்கே சொந்தம். அவன் அதை வைத்து உலகத்தை மிரட்டினாலும் கொடுத்தவரால் திரும்ப வாங்க முடியாது. "என்ன வரம் வாங்கி வந்தாளோ" என்று அக்கம்பக்கத்தில் பெருமூச்சு விடும்போதும் வரம் ஒருத்தியின் தனிக் கணக்குதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்ற பழமொழி, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு ஆளையும் நிறுத்திவிடுகிறது.

வேறொரு வழக்கும் தமிழில் இருந்தது. சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதைக்கு வரந்தரு காதை என்று பெயர். கண்ணகி கோயிலில் கூடிய அரசர்கள் தங்கள் நாட்டு வேள்விக்கும் அவள் எழுந்தருள வேண்டும் என்று கேட்கிறார்கள். தந்தேன் என்று குரல் எழுகிறது. அங்கே வரம் நாட்டுக்கு. அந்தப் பொருள் பேச்சில் தங்கவில்லை.

பைபிளில் வரம் என்று நாம் படிக்கும் இடத்தில், புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் நிற்கும் சொல் காரிஸ்மா. காரிஸ் என்றால் அருள். அருளால் கைக்கு வந்தது காரிஸ்மா. தவம் இல்லை, தகுதி இல்லை, கூலியும் இல்லை. வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ் ஐயர் 18ஆம் நூற்றாண்டில் பைபிளைத் தமிழாக்கினார். அதன்பின் ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு உழைத்து, 1871இல் யூனியன் திருப்புதலைக் கொண்டுவந்தது. சீர்திருத்த சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் பெரும்பாலும் கையில் வைத்திருப்பது இன்றும் அதுதான். அதில் காரிஸ்மா வரம் ஆயிற்று. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு, அருள்கொடை என்கிறது. கொடை என்று சொன்னதும் நமக்குக் கொடுத்தவர் நினைவுக்கு வருகிறார், பாரியைப்போல. வரம் என்று சொன்னதும் பெற்றவர்தான் நினைவுக்கு வருகிறார். சொல்லாக வரம் அழகு. கருத்தாக அருள்கொடைதான் கிட்ட நிற்கிறது.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒரு வசனத்தில் இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 12ஆம் அதிகாரம் 7ஆம் வசனம், வரங்கள் எதற்காகத் தரப்படுகின்றன என்று சொல்லும் இடம். கிரேக்கத்தில் நன்மைக்காக, பயனுக்காக என்றுதான் இருக்கிறது; யாருடைய பயன் என்று சொல்லவில்லை. அதிகாரம் முழுவதும் ஒரே உடலைப் பற்றியது என்பதால் பொது மொழிபெயர்ப்பு அதைப் பொது நன்மை என்று எழுதியது. யூனியன் திருப்புதலோ பிரயோஜனம் என்பதற்கு முன்னால் "அவனவனுடைய" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டது. அந்த ஒரு சொல்லால் வரம் இரணியன் வீட்டுக்குத் திரும்பிப் போனது. 150 ஆண்டுகளாக மனப்பாடம் செய்த வசனம் அது.

கொரிந்து எந்த மாதிரி ஊர் என்பதை ராயபுரத்தார் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். இரண்டு கடலுக்கு நடுவே இரண்டு துறைமுகம்: மேற்கே லெகாயோன், கிழக்கே கெங்கிரேயா. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி எழுப்பிய அந்த ஊரில் குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். சரக்கும் சுமையும் கூலியும் பணமும் சேர்ந்த ஊர். அங்கிருந்த சபையில் கர்த்தருடைய பந்தியில் வசதி உள்ளவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். மற்றவர்கள் பசியோடு இருப்பார்கள். பிந்தி வந்தவர்கள் வேலை முடித்து வந்த அடிமைகளும் கூலிகளுமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் கண்டித்தது 11ஆம் அதிகாரம். வரங்களைப் பற்றிய பேச்சு அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது. நைட் ஷிப்ட் முடித்து நேரே ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறவரைத் தெரிந்த ஊரில், இரண்டு அதிகாரங்களையும் பிரித்துப் படிக்கவே கூடாது.

உடலும் உறுப்பும் என்ற உவமை பவுலுக்கு முன்பே இருந்தது. கி.மு. 494இல் ரோமில் எளிய மக்கள் நகரத்தைவிட்டு வெளியேறி வேலை நிறுத்தியபோது, மெனேனியுஸ் அக்ரிப்பா என்பவர் போய், வயிற்றோடு சண்டை போட்ட கைகால்களின் கதையைச் சொல்லித் திருப்பி அழைத்து வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் உழைக்கத்தான் வேண்டும் என்பது அந்தக் கதை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்ட வடசென்னை இதை நன்றாகவே அறியும். பவுல் அதே உவமையைத் தலைகீழாகத் திருப்பினார். பலவீனமாகத் தோன்றும் உறுப்பே அதிகம் தேவை, மதிப்புக் குறைந்ததாக நினைப்பதற்கே அதிக மதிப்பு என்றார். சபை ஒருமைப்பாடு பற்றிய போதனை முழுவதும் இந்தத் திருப்பத்தில் நிற்கிறது.

அதே அதிகாரத்தின் 28ஆம் வசனத்தில் ஒரு பட்டியல் உண்டு. அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள், பலவித பாஷைகள் ஆகியவற்றோடு இரண்டு சொற்கள் கலந்து நிற்கின்றன. ஒன்று, தாங்கிப் பிடித்தல், துணை நிற்றல். யூனியன் திருப்புதல் அதை ஊழியங்கள் என்று பொதுவாக்கிவிட்டது. மற்றது குபெர்னேசிஸ்: கப்பலைச் சுக்கான் பிடித்து ஓட்டுவது. அப்போஸ்தலர் நடபடிகள் 27இல் மாலுமி என்று தமிழாகும் சொல்லும் இந்தக் குடும்பம்தான். துறைமுகத்துச் சபைக்குத் துறைமுகச் சொல்லாகவே பவுல் எழுதினார். தமிழில் அது ஆளுகைகள் ஆகிக் கடலை இழந்தது. பாறை தெரிந்து படகைத் திருப்புகிறவரின் வேலை அதிகாரம் செய்கிறவரின் வேலையாகிவிட்டது.

ஞாயிறு காலை ஆறரைக்குச் சபை திறந்து பாய் விரிக்கிற அம்மா, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோகிற தம்பி, காணிக்கைக் கணக்கை நோட்டில் பைசா பிசகாமல் எழுதுகிறவர், பேசாமல் நின்ற இரண்டு குடும்பங்களைப் பேசவைக்கிறவர். இவர்களுக்கு வரம் உண்டென்று யாரும் சொல்வதில்லை. கேட்டால் அந்த அம்மாவே, "எனக்கு என்ன வரம் இருக்கு, ஏதோ என்னால ஆனது" என்பார். சபை பிரிவது பெரும்பாலும் சுவரொட்டியில் பெயர் வரும் வரங்களால். பிரியாமல் நிற்பது இவர்களால். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது, பெரிய காரியம். ஆனால் ஒரு தெருச் சபைக்குள் இருக்க வேண்டிய ஒருமையை எந்த ஒப்பந்தமும் கொண்டுவர முடியாது.

கொரிந்தியருக்கு எழுதிச் சில ஆண்டுகள் கழித்து, கொரிந்திலிருந்தே பவுல் ரோமாபுரிக்கு ஒரு நிருபம் எழுதினார். அதன் 12ஆம் அதிகாரத்திலும் வரங்களின் பட்டியல் வருகிறது. இதில் அந்நியபாஷை இல்லை, குணமாக்குதல் இல்லை. தீர்க்கதரிசனத்தோடு சேர்ந்து ஊழியம், போதனை, புத்தி சொல்லுதல், பகிர்ந்து கொடுத்தல், தலைமை தாங்குதல், இரங்குதல் இருக்கின்றன. அந்த நிருபத்தை எடுத்துக்கொண்டு கப்பலேறியவர் கெங்கிரேயா துறைமுகச் சபையில் ஊழியம் செய்த பெபேயாள் என்ற பெண் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். பலருக்கும் தனக்கும் ஆதரவாக இருந்தவள் என்று பவுல் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்.