பீம்பேட்கா: டிக்கின்சோனியாவும் தேன்கூடும்

1946இல் தென் ஆஸ்திரேலியாவின் எடியகாரா குன்றுகளில், எலும்போ ஓடோ இல்லாத மெல்லுடல் கடலுயிர்களின் பதிவுகளை ரெஜ் ஸ்ப்ரிக் என்னும் நிலவியலாளர் மணற்கல்லில் கண்டார். அவற்றுள் நடுக்கோடும் இருபுறமும் வரிவரியான மடிப்புகளும் கொண்ட நீள்வட்ட உயிருக்கு, அம்மாநிலச் சுரங்கத்துறை இயக்குநர் பென் டிக்கின்சனை நினைவுகூர்ந்து, மறு ஆண்டில் 'டிக்கின்சோனியா' எனப் பெயரிட்டார். அது விலங்கா, பூஞ்சையா, வேறு உயிரா என்னும் வழக்கு நெடுநாள் தீரவில்லை. ரஷ்ய வெண்கடற் பகுதியின் ஏறத்தாழ 55.8 கோடி ஆண்டுப் பழைமையான மாதிரிகளில் கொலஸ்டிராலின் எச்சம் இருப்பதை 2018இல் ஆய்வாளர்கள் காட்டினர். அதன்பின் விலங்கு என்னும் தரப்பே வலுப்பெற்றது.

2021இல் அப்பெயர் இந்தியாவில் ஒலித்தது. பாறை ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்காவின் குகைக் கூரையில் டிக்கின்சோனியா பதிந்திருப்பதாக, ஆரிகன் பல்கலைக்கழகத்தின் கிரிகரி ரெட்டலாக் குழுவினர் 'கோண்ட்வானா ரிசர்ச்' இதழில் எழுதினர். நாளிதழ்கள் அதைக் கொண்டாடின. ஆனால் அதனுள் பெரியதொரு கேள்வி பொதிந்திருந்தது: மேல் விந்தியப் பாறைகளின் வயது என்ன?

ஆண்டுக் குறிப்பில்லாத கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதி கொண்டு கணிப்பது போல, பாறையின் வயதைத் தொல்லுயிர் கொண்டு கணிப்பது நிலவியல் மரபு. டிக்கின்சோனியா உண்மையெனில் அப்பாறை சுமார் 55 கோடி ஆண்டுப் பழைமையுடையது. சிர்க்கான் மணிகளையும் காந்தப் பதிவுகளையும் ஆராய்ந்த புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோசப் மீர்ட் முதலியோரோ அதனை ஏறத்தாழ 100 கோடி ஆண்டு எனக் கொண்டிருந்தனர். வேறுபாடு 45 கோடி ஆண்டுகள்!

மீர்ட் குழுவினர் 2022இல் நேரிற் சென்று பார்த்தனர். பதிவு எனப்பட்டது பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. பாறைக்குள் பதிந்த உயிர் இரண்டே ஆண்டுகளில் உரிந்து விழாது. அருகே தேன்கூடுகள் இருந்தன. கண்டதும் சிதைந்த தேன்கூட்டின் மெழுகுத் தடமே. 2023இல் அதே இதழில் மறுப்பு வெளியாயிற்று. ரெட்டலாக் தம் பிழையை வெளிப்படையாக ஏற்றார்.

எழுத்தென எண்ணியது கீறலானால், அதைக்கொண்டு கணித்த காலமும் உடன் வீழும். உருவ ஒப்புமை ஐயத்தைத் தொடங்கிவைக்கலாம். முடிவை அதன்மேல் ஏற்றலாகாது. பாடநூல்களில் ஏறும் முன்னரே இப்பிழை திருந்தியதற்குக் காரணம், ஒருவர் கூற்றை மற்றொருவர் நேரிற் சென்று சோதித்ததும், சோதனைக்கு உட்பட்டவர் சான்றின்முன் பணிந்ததுமே.