கொரோனா முடக்கமும் சிறார் உறக்கமும்

2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்றைக் கட்டுப்படுத்த உலகின் பல நாடுகள் பிறப்பித்த பொது முடக்கம், வீட்டிலேயே தங்க நேர்ந்த சிறுவர், பதின்ம வயதினர் ஆகியோரின் உறக்கத்தைப் பெரிதும் மாற்றியது. பொதுவாக அனைவரும் பிந்திப் படுத்துப் பிந்தி எழுந்தனர். ஆயினும் விளைவு எல்லா வயதினருக்கும் ஒன்றாக அமையவில்லை. பதின்ம வயதினரில் பலர் முன்பைவிடக் கூடுதலாக உறங்கினர்; சிறு பிள்ளைகளில் பலருக்கு உறக்கம் குலைந்தது. யுனெசுக்கோ கணக்கின்படி, 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடப்பட்டு ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டனர்.

உடற்கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு சிறு நரம்பணுத் திரள் உடலின் அன்றாட ஒழுங்கை நடத்துகிறது. இதன் சுற்று சரியாக 24 மணி நேரம் அன்று. பெரும்பாலானோரில் அதைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகும். எனவே நாள்தோறும் இக்கடிகாரம் திருத்தப்பட வேண்டியுள்ளது. தனித்து விடப்பட்ட கணினியின் கடிகாரம் சிறுகச் சிறுகப் பிழைபடுவதையும், வலையமைப்பிலுள்ள நேர வழங்கி அதைச் சரிசெய்வதையும் இதனோடு ஒப்பிடலாம். மனிதருக்கு அந்த நேர வழங்கியாக இருப்பது முதன்மையாகக் காலை வெளிச்சம். உணவு வேளை, விளையாட்டு, பள்ளி மணி ஆகியன துணை புரிகின்றன. இரவில் கண்ணிற்படும் ஒளி இதற்கு எதிராகச் செயற்பட்டு, உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது.

வீட்டினுள் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்சு அளவே இருக்கும். மேகமூட்டமான பகலிலும் வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். முடக்கத்தில் காலை வெளிச்சம் குறைந்தது. கைபேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றால் இரவு வெளிச்சம் கூடியது. பிந்தி எழுந்ததைச் சோம்பல் என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

பதின்ம வயதினர்

பூப்பெய்தும் பருவத்தில் உடற்கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது. இரவு 11 மணிக்கு முன் உறக்கம் வராத ஒருவர் காலை 6 மணிக்கு எழுந்தால் 7 மணி நேரமே உறங்க முடியும். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் 13 முதல் 18 வயதினருக்குப் பரிந்துரைத்தது 8 முதல் 10 மணி நேரம். இக்குறையை மாணவர்கள் விடுமுறை நாட்களில் நீண்ட நேரம் உறங்கி ஈடுசெய்ய முயல்கின்றனர். பள்ளி நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் இடையே உடல் இவ்வாறு அலைக்கழிக்கப்படுவதை, செருமனியின் டில் ரோனபெர்க் குழுவினர் நெடுந்தொலைவு விமானப் பயணக் களைப்போடு ஒப்பிட்டுள்ளனர்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் கன்டோனில் நடந்த ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. முடக்கக் காலத்தில் 3,664 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அளித்த விடைகள், 2017-இல் 5,308 மாணவர்கள் அளித்த விடைகளோடு ஒப்பிடப்பட்டன. முடக்கக் கால மாணவர்கள் பள்ளி நாட்களில் சராசரியாக 75 நிமிடங்கள் கூடுதலாக உறங்கினர். அவர்கள் படுத்தது ஏறத்தாழ 15 நிமிடங்கள் மட்டுமே பிந்தி. எழுந்ததோ 90 நிமிடங்கள் பிந்தி. அதாவது, கிடைத்த உறக்கம் முழுவதும் காலையில் கிடைத்தது. பள்ளிக்குப் பயணம் செய்ய வேண்டியிராமையே இதற்கு முதன்மைக் காரணம் எனலாம். கூடுதல் உறக்கத்தோடு வாழ்க்கைத் தரம் உயர்ந்தும் காப்பி முதலிய பானங்களின் பயன்பாடு குறைந்தும் காணப்பட்டன. ஆனால் மனச்சோர்வு அறிகுறிகள் மிகுந்த மாணவர்களிடம் வாழ்க்கைத் தரம் தாழ்ந்தே இருந்தது.

சிறு பிள்ளைகள்

சிறு பிள்ளைகளின் உடற்கடிகாரம் பள்ளி நேரத்தோடு அவ்வளவாக முரண்படுவதில்லை. எனவே பள்ளி மூடப்பட்டதால் அவர்கள் பெற்றது குறைவு. இழந்தது அன்றாட ஒழுங்கு. இத்தாலியில் பெற்றோரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், உறங்கத் தொடங்குவதில் சிரமம், இரவில் விழித்தல், தீக்கனவு ஆகியன சிறு பிள்ளைகளிடம் கூடியிருந்தமை தெரியவந்தது. சீனாவில் மழலைப் பள்ளி வயதினரிடையே நடந்த ஆய்வு மாறாக, உறக்கக் கோளாறுகள் குறைந்ததாகக் காட்டியது. பெற்றோரின் கவலை, வீட்டின் ஒழுங்கு, பெற்றோர் உடனிருக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து விளைவு மாறியிருக்கக்கூடும்.

எசுப்பானியாவின் விதிகள் குறிப்பாகக் கடுமையானவை. 2020 மார்ச் 14 அன்று அங்கு அவசர நிலை அறிவிக்கப்பட்டது. நாயை நடத்திச் செல்ல அனுமதி இருந்தது. பிள்ளையை உலாவ அழைத்துச் செல்ல அனுமதி இல்லை. ஏறத்தாழ 6 வாரங்களுக்குப் பின், ஏப்ரல் 26 முதல், 14 வயதுக்குட்பட்டோர் பெரியவர் ஒருவருடன் நாளுக்கு 1 மணி நேரம், வீட்டிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவுக்குள் வெளியே செல்லலாம் எனத் தளர்த்தப்பட்டது.

ஆய்வுகளின் வரம்பு

இவ்வாய்வுகளிற் பல இணையவழி வினாக்கொத்துகள். சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை பெற்றோரே விடையளித்தனர். பிள்ளை இரவில் விழித்துக் கிடந்ததைப் பெற்றோர் அறியாதிருக்க இடமுண்டு. இணைய வசதியற்ற குடும்பங்களும், ஒரே அறையில் பலர் உறங்கும் வீடுகளும் இவற்றில் போதிய இடம் பெறவில்லை.

பள்ளி தொடங்கும் நேரம்

நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கலாகாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இலேயே பரிந்துரைத்திருந்தது. பயணமில்லாத காலை, மாணவரின் உறக்கத்தை எவ்வளவு நீட்டக்கூடும் என்பதை முடக்கம் பெரிய அளவில் காட்டியது. கலிபோர்னியா மாநிலம் பெருந்தொற்றுக்கு முன்பே, 2019-இல், இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2022 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டப்படி உயர்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன்னரும் நடுநிலைப் பள்ளிகள் 8:00-க்கு முன்னரும் தொடங்க இயலாது. கிராமப்புறப் பள்ளி மாவட்டங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.